தாள் போகட்டும், ஒப்பம் நிற்கட்டும்

சொந்த ஊருக்குப் புறப்படும் நாளில், எர்ணாகுளம் சந்திப்பின் நடைமேடையில் மூட்டை முடிச்சுகளுடன் நின்று, பெட்டியின் கதவோரம் ஒட்டிய தாளில் விரலை ஓட்டி நம் பெயரைத் தேடிய காலத்தை வாசக அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெயரைக் கண்டதும் பிறக்கும் ஆறுதலே தனி. 2018ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல், பெரிய நிலையங்களில் அவ்வாறு தாள் ஒட்டுவதை இரயில்வே நிறுத்தத் தொடங்கியது. இன்று நம் பெயர் நம் கைப்பேசியில் இருக்கிறது. தாள் போயிற்று, வண்டி நிற்கவில்லை. எழுத்தர் வேலையால் பிழைக்கும் நாம், ஏடுகள் ஒவ்வொன்றாக மறைவதை நாள்தோறும் காண்கிறோம். ஆகையால் தாள் போவதைக் கண்டு அஞ்சும் வழக்கம் நமக்கு இல்லை. ஆயினும் சென்ற திங்கள் ஒரு சகோதரி கேட்ட கேள்வி நம்மைச் சில நாள் உறங்கவிடவில்லை. அதனை இத்திங்கள் அன்பர்கள் முன் வைக்கிறோம்.

அவர் சுள்ளிக்கல்லில் வாழும் நம் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர். பெற்றோர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி இங்கு வந்தவர்கள். எட்டாம் வகுப்புடன் படிப்பு நின்றது. பதினெட்டு ஆண்டுகளாக இறால் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். முதல் ஆறு ஆண்டுகள் மேசையில் நின்று இறால் உரித்தார். அவருடைய நேர்மையைக் கண்ட மேற்பார்வையாளர், குளிர் அறையின் வெப்பநிலை ஏட்டை அவரிடம் ஒப்படைத்தார். மணிக்கு ஒருமுறை வெப்பமானியைப் பார்த்து, எண்ணை எழுதி, ஓரத்தில் தம் சுருக்கொப்பம் இடுவது அவர் கடமை. பன்னிரண்டு ஆண்டுகள் இதனைச் செய்தார்.

இப்போது அத்தொழிற்சாலையில் ஏடுகளை எடுத்துவிட்டார்கள். சிலேட்டுப் பலகை போன்ற கைக்கணினி வந்திருக்கிறது. பட்டப்படிப்பு முடித்த இளைஞர் ஒருவர் இரண்டே நாளில் அதனைக் கற்றுக்கொண்டார். சகோதரியை மீண்டும் உரிக்கும் மேசைக்குப் போகச் சொன்னார்கள்.

“அண்ணாச்சி, பன்னிரண்டு ஆண்டுகளாக என் கையெழுத்து விழாமல் அந்த அறையிலிருந்து ஒரு கூடை இறால்கூட நகர்ந்ததில்லை. இனி என் கையெழுத்து எதற்கும் வேண்டாமாம். நான் எழுதியதெல்லாம் வீண்தானா?” என்று அவர் கேட்டார்.

இல்லை என்று சொல்லுவது எளிது. ஏன் இல்லை என்று விளக்குவதே கடினம். அதற்கு இத்தொழிலின் கதையைச் சிறிது கூற வேண்டும்.

முன்னாளில் நம் கடற்கரையிலிருந்து வெளிநாடு சென்றது பெரும்பாலும் உலர்ந்த இறாலே. பர்மா, இலங்கை முதலிய நாடுகள் அதனை வாங்கின. 1953ஆம் ஆண்டில் கொச்சின் கம்பெனி நடத்திய மாதவன் நாயர் இக்கொச்சியிலிருந்து 13 டன் உறைந்த இறாலை அமெரிக்காவிற்கு அனுப்பினார். அதுவே ஒரு பெருந்தொழிலின் தொடக்கம். 1957இல் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் கொச்சியில் தோன்றியது. 1972இல் கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமும் இவ்வூரையே தலைமையிடமாகக் கொண்டது. தோப்பும்படித் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு, நம் அண்டை அயலாரின் கைவழியே உலகின் உணவு மேசைகளுக்குப் போகிறது.

உறைந்த இறாற்கட்டி ஒன்றின் தரத்தை எவ்வாறு அறிவது? உடைத்து, பனி நீக்கி, ஆய்வுக்கூடத்தில் சோதித்து அறியலாம். ஆனால் சோதித்த கட்டி விற்பனைக்கு ஆகாது. ஆயிரத்தில் சிலவற்றையே சோதிக்க இயலும். எஞ்சியவை நம்பிக்கையின் பேரில் கப்பலேறுகின்றன. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே அடுப்பில், ஒரே உலையில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். பல படகுகளில் வந்து, பல கைகளில் உரிபட்டு, பல மணி நேரம் பனிக்கட்டியிற் காத்திருந்த இறாலுக்கு அது பொருந்தாது.

இவ்விடர்ப்பாட்டிற்கு வழி பிறந்தது விண்வெளிப் பயணத்தால் என்றால் அன்பர்கள் வியப்படைவார்கள். 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு உணவு செய்து தரும் பொறுப்பு பில்ஸ்பரி என்னும் நிறுவனத்திற்குக் கிடைத்தது. நாசாவும் அந்நாட்டு இராணுவத்தின் ஆய்வுக்கூடமும் உடன் உழைத்தன. விண்ணிலே வீரனுக்கு வயிற்றுக் கோளாறு வந்தால் மருத்துவருக்கு எங்கே போவது? முடிந்த பொருளைச் சோதித்தே தூய்மையை உறுதி செய்வதென்றால், செய்த உணவிற் பெரும்பங்கு சோதனைக்கே செலவாகிவிடும் என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே வேறு வழி வகுத்தார்கள். செய்முறையில் எந்தெந்த இடத்திலே கேடு புகக்கூடும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார். அவ்விடத்திற்கு ஓர் எல்லை வகு. எல்லை மீறாமற் காவல் செய். காவல் செய்ததை எழுதி வை. இதுவே இன்று தொழிற்சாலைகளிலே ‘ஹாசப்’ என்று வழங்கும் முறை. அதன் கோட்பாடுகள் ஏழு. ஏழாவது கோட்பாடு, பதிவு வைத்தல்.

எழுதி வைப்பது கணக்குப் பிள்ளையின் வழக்கம் மட்டும் அன்று. அது பொருளின் தரத்திலேயே ஒரு பகுதியாகும். உறைந்த கட்டியைத் திறந்து பார்க்க இயலாத அயல்நாட்டான், அதற்கு மாறாக ஏட்டைத் திறந்து பார்க்கிறான். இறால் எந்த நேரத்தில் வந்தது, எத்தனை டிகிரியில் இருந்தது, உறைந்தபின் பூச்சியத்திற்குக் கீழ் 18 டிகிரியை எட்டியதா, கழுவிய நீரில் குளோரின் எவ்வளவு என்பனவெல்லாம் அவனுக்கு ஏட்டின் வழியாகவே தெரியும்.

இதன் அருமை நமக்கு விளங்கியது 1997ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவு இறக்குமதிக்குத் தடை விதித்தது. அவர்கள் குறை கண்டது இறாலில் மட்டும் அன்று. தொழிற்சாலைகளின் துப்புரவிலும், அவற்றைக் கண்காணித்த முறையிலும் குறை கண்டார்கள். தகுதி பெற்ற தொழிற்சாலைகளுக்கு மட்டுமே பின்னர் வழி திறந்தது. அதே ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் அமெரிக்காவிலும் கடலுணவுக்கான ஹாசப் விதி நடைமுறைக்கு வந்தது. அவ்விதி ஏட்டைப்பற்றிக் கூறுவது நோக்கத்தக்கது. கண்டதைக் கண்ட அந்நேரத்திலேயே எழுத வேண்டும். நாளும் நேரமும் இருக்க வேண்டும். எழுதியவர் ஒப்பமோ சுருக்கொப்பமோ இட வேண்டும். காவற்பதிவுகளைப் பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு வாரத்திற்குள் படித்துச் சரிபார்க்க வேண்டும். உறைந்த பொருளாயின் ஏட்டை இரண்டு ஆண்டுகள் காக்க வேண்டும்.

நம் சகோதரி எட்டாம் வகுப்புப் படிப்புடன் பன்னிரண்டு ஆண்டுகள் காத்துவந்த விதி இதுதான்.

ஆனால் எல்லோரும் அவரைப்போல் இருப்பதில்லை. இங்கே நம் குற்றத்தையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அலுவலகத்தில், நாள்தோறும் நிரப்ப வேண்டிய ஒரு சிறு பதிவேட்டை மூன்று நாள் சோம்பலால் விட்டுவிட்டோம். நான்காம் நாள் மாலை உட்கார்ந்து மூன்று நாட்களுக்கும் சேர்த்து எழுதி முடித்தோம். மேலதிகாரி ஏட்டைப் பார்த்தார்; நம்மைப் பார்த்தார். “மூன்று நாளும் ஒரே மை, ஒரே சாய்வு, உமக்கு மூன்று நாளும் ஒரே மனநிலையோ?” என்று மட்டும் கேட்டார். நாம் தலை கவிழ்ந்தோம்.

மீன் தொழிற்சாலைகளிலும் இக்குற்றம் உண்டு. நாளைய வெப்பநிலையை இன்றே எழுதி வைப்பவர்களும் உண்டு. மணிக்கு மணி அதே எண். அறைக் கதவு பத்து முறை திறந்தாலும் ஏட்டில் அரை டிகிரியும் ஏறுவதில்லை. தேர்ந்த பரிசோதகர் இத்தகைய ஏட்டை எளிதில் கண்டுகொள்வார். நீரும் பனிக்கட்டியும் நிறைந்த இடத்தில் எழுதிய ஏட்டில் ஈரக்கறை படியாமல் இருக்குமா? மாசில்லாத ஏடே ஐயத்திற்குரிய ஏடு.

இரயில் நிலையங்களில் வண்டி வரவு போக்கைக் குறிக்கும் பதிவேடு ஒன்று உண்டு. அதில் மையால் எழுத வேண்டும். நிகழ்ந்த நேரத்திலேயே எழுத வேண்டும். பிழை நேர்ந்தால் சுரண்டவோ அழிக்கவோ கூடாது. பழைய எழுத்து படிக்கத் தெரியும்படி ஒரு கோடு இழுத்து, சரியானதை மேலே எழுதி, ஒப்பமிட வேண்டும். பிழை செய்தவன் மனிதன். பிழையை மறைத்தவனே குற்றவாளி என்பது அவ்விதியின் உட்பொருள். வண்டிகள் மோதிக்கொண்டபின் உண்மையைத் தேடுவோருக்கு, அடித்த எழுத்தும் ஒரு சாட்சியாகும்.

இனிக் கைக்கணினியை நோக்குவோம். அதனை வெறுப்பது அறியாமை. நன்றாக அமைத்த கருவியில் நேரத்தை மனிதன் எழுதுவதில்லை, கருவியே பொறித்துக்கொள்கிறது. நாளைய எண்ணை இன்று எழுத அது இடந்தராது. அறையில் பொருத்திய உணர்கருவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பநிலையைத் தானே குறிக்கிறது. எல்லை மீறினால் உடனே மணி அடிக்கிறது. மனிதன் மணிக்கு ஒருமுறை பார்த்து எழுதும்போது இடையிலே நடந்ததை யார் அறிவார்? ஓராண்டிற்குமுன் அனுப்பிய சரக்கு பற்றிக் கேள்வி வந்தால், பரணிலிருந்து கட்டுகளை இறக்கித் தூசி தட்ட வேண்டியதில்லை. சில நொடிகளில் விடை கிடைக்கும்.

சட்டமும் இதற்கு இடங்கொடுத்துவிட்டது. நாம் மேலே கூறிய அதே 1997ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் மின்னணுப் பதிவு விதி நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவிற்கும் ஒப்பத்திற்கும் மதிப்பளித்தது. 2026 ஜனவரி 10 முதல் ஐரோப்பிய ஒன்றியம், இறக்குமதியாகும் மீனின் பிடிப்புச் சான்றுகளைத் தன் மின்னணு முறையில் செலுத்த வேண்டுமென்று தன் நாட்டு வணிகர்களைக் கட்டாயப்படுத்தியிருக்கிறது. ஆற்று வெள்ளத்தைக் கையால் தடுக்க முடியுமா? தாள் போகத்தான் போகிறது.

ஆனால் அவ்வமெரிக்க விதி கூறுவதை ஊன்றிப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். பதிவை மாற்றினால் பழைய பதிவு மறையலாகாது என்கிறது அது. நம் நிலையப் பதிவேட்டில் இழுக்கும் கோடன்றோ இது! ஒருவருக்குரிய மின்னணு ஒப்பத்தை மற்றொருவர் பயன்படுத்தலாகாது என்றும் கூறுகிறது. நம் சகோதரி இட்ட சுருக்கொப்பமன்றோ இது! தாளை நீக்கிய சட்டமும், தாளிலே இருந்த ஒழுக்கத்தை நீக்கத் துணியவில்லை.

நடைமுறையில் நிகழ்வது யாது? கருவி ஒன்று; கடவுச்சொல் ஒன்று; அதனை அறிந்தவர் ஐவர். காலை வேளையில் இருப்பவரும் இரவு வேளையில் இருப்பவரும் ஒரே பெயரில் பதிகிறார்கள். பிழை வந்தால், அது யார் கை என்று சொல்ல எழுத்தின் சாய்வும் இல்லை, மையின் நிறமும் இல்லை. ஏட்டில் ஐந்து கைகள் தெரிந்தன. கருவியில் ஒரு பெயர்தான் தெரிகிறது. உணர்கருவியை அறையின் மிகக் குளிர்ந்த மூலையில் வைத்துவிட்டால், அது உண்மையையே கூறும். ஆனால் அம்மூலையின் உண்மையை மட்டும் கூறும். உருகும் பனிக்கட்டியில் அமிழ்த்திப் பூச்சியம் காட்டுகிறதா என்று வெப்பமானியைச் சோதிக்கும் பழக்கமும், கருவி வந்தபின் மறந்துபோகிறது. கருவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்னும் மயக்கமே அதற்குக் காரணம்.

பொய் எழுதத் துணிந்தவனுக்குத் தாளும் ஒன்று, கருவியும் ஒன்று. 2017ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பான் நாட்டின் கோபே ஸ்டீல் நிறுவனம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டது. அலுமினியம், செம்புப் பொருள்களின் சோதனையில் வந்த எண்களை மாற்றி, வாங்குவோர் கேட்ட தரம் இருப்பதுபோற் காட்டியிருந்தார்கள். அப்பொருள்கள் 500க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குப் போயிருந்தன. கருவிக்குப் பஞ்சமில்லாத நாடு அது. கருவி இருந்தும் வாய்மை இல்லாமற் போயிற்று.

மற்றொன்றும் கூற வேண்டும். பொருளின் தரத்தைக் கோட்டுப் படமாக வரைந்து காக்கும் முறையை 1924ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் ஒரே பக்கக் குறிப்பில் எழுதித் தந்தவர் ஷூவார்ட் என்னும் அமெரிக்க அறிஞர். பேராசிரியர் மகலனோபிசின் அழைப்பிற்கிணங்கி 1947–48இல் அவர் இந்தியாவிற்கும் வந்தார். அவர் காட்டிய படத்தைத் தொழிலாளி தன் கையாலேயே புள்ளி வைத்து வரைவான். வரையும்போதே கோடு மெல்ல மேலேறுவது அவன் கண்ணில் படும். எல்லை மீறுமுன்னரே இயந்திரத்தைத் திருத்துவான். கருவி வந்தபின் எண்கள் நேரே எங்கோ ஓர் அலுவலறைக்குப் போய்விடுகின்றன. எழுதுகிறவன் வேறு, பார்க்கிறவன் வேறு ஆகிறான். மணி அடிக்கும்வரை இருவரும் உறங்கலாம்.

நம் சகோதரி ஏட்டின் கடைசிக் கட்டத்திலே சில சொற்களைத் தமிழில் எழுதுவதுண்டாம். ‘கதவு ரப்பர் கிழிந்திருக்கிறது’, ‘இந்தப் படகுச் சரக்கில் தலையோரம் கருமை தெரிகிறது’, ‘பனிக்கட்டி போதவில்லை’ என்பன போன்றவை. மேற்பார்வையாளர் மலையாளி, பக்கத்திலுள்ளவரைக் கேட்டுப் புரிந்துகொள்வார். புதிய கருவியில் ‘சரி’, ‘சரியில்லை’ என்னும் இரண்டு கட்டங்களே உண்டு, அவையும் ஆங்கிலத்தில். கிழிந்த ரப்பரை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பன்னிரண்டு ஆண்டுகள் பழகிய கண்ணும் மூக்கும் அறிந்ததைக் கேட்க அக்கருவிக்குச் செவி இல்லை. இழப்பு சகோதரிக்கு மட்டும் அன்று, தொழிற்சாலைக்குந்தான். அந்த இளைஞர் எண்ணைப் படிப்பார். அறையைப் படிக்க அவருக்கும் ஆண்டுகள் வேண்டும்.

ஆகவே தொழிற்சாலை நடத்துவோருக்கு நாம் பணிவுடன் கூறுவது இது. ஏட்டை நீக்குங்கள், ஏட்டைக் காத்த கையை நீக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் கொடுங்கள். கருவி மலையாளத்திலும், தமிழர் வேலை செய்யும் இடத்தில் தமிழிலும் பேசட்டும். எழுத வராதவர் வாயாற் சொல்லிப் பதியவும் இன்று வழி இருக்கிறது. குறிப்பு எழுத ஓர் இடம் விடுங்கள். சில திங்கள் ஏடும் கருவியும் அருகருகே நடக்கட்டும். இரண்டும் மாறுபடும் இடத்திலேதான் கற்க வேண்டியது இருக்கும். மின்சாரம் போன நேரத்திற்கு ஒரு சிறு ஏடும் பென்சிலும் சுவரில் தொங்கட்டும்.

நம் குடும்பங்களுக்கும் ஒரு சொல். கருவியைக் கண்டு ஒதுங்குவது நமக்கு நன்றன்று. கைப்பேசியில் ஊருக்குப் பணம் அனுப்பவும், பேரன் முகத்தைப் பார்க்கவும் கற்றுக்கொண்ட நம் தாய்மார்களுக்கு, ஓர் எண்ணைத் தொட்டுப் பதிவது பெருங்கலையன்று. பள்ளிப் பிள்ளைகள் மாலையில் அரைமணி நேரம் தம் அன்னையருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். நம் சங்கத்தின் ஞாயிறு கூட்டத்திற்குப்பின் ஒரு மேசை போட்டு இதனைக் கற்பிக்க முன்வருவோர் இருப்பின், நாமும் உடனிருந்து உதவுவோம். கற்றபின் “எனக்கும் ஒரு கடவுச்சொல் தாருங்கள்” என்று கேட்கத் தயங்க வேண்டாம். அது சலுகையன்று, செய்த வேலைக்குரிய பெயர்.

சகோதரியிடம் நாம் இவ்வளவையும் சொன்னோம். அவர் எழுதியது வீணில்லை. அவர் ஒப்பமிட்ட ஒவ்வொரு வரியும், முகமறியாத எவரோ ஒருவருடைய குழந்தையின் வயிற்றுக்குக் காவலாய் இருந்தது என்றும் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்படியானால் அந்தத் தம்பியிடம் கதவு ரப்பரைப் பற்றியாவது சொல்லிவிடுகிறேன் அண்ணாச்சி. அவர் புதிது; அவருக்குத் தெரியாது” என்றார்.

மேசைக்குத் திரும்பிய பின்னும் அவர் மனம் அந்த அறையைக் காவல் செய்துகொண்டிருக்கிறது. அடுத்த நாள் அவர் அந்த இளைஞரிடம் சொல்லியும் விட்டாராம். இளைஞர் ரப்பரை மாற்றச் செய்துவிட்டு, “வேறு ஏதேனும் கண்டால் சொல்லுங்கள் அக்கா” என்றாராம். கருவியில் அதற்கு இன்னும் கட்டம் வரவில்லை. வரவேண்டும்; அதன் ஓரத்திலே அச்சகோதரியின் பெயரும் வரவேண்டும்.

தாள் போகட்டும், ஒப்பம் நிற்கட்டும்.